பக்கத்து வீட்டுக்காரரை வெட்டிய சிவப்புப் பேனா

டாக்டர்கள் எழுதும் ஆங்கிலத்துக்கு மூச்சு விட நேரம் கிடையாது. அதைப் பிரித்துப் போட்டு மூச்சு விட வைப்பதுதான் என் பிழைப்பு.

தென்காசியில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருக்கிற மாடியில், வெளிநாடு போக நினைக்கும் நர்சுகளுக்கு மெடிக்கல் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் எழுத வேண்டிய தேர்வில் ஒரு தாள் உண்டு. ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்புகளைத் துண்டு துண்டாகக் கொடுத்துவிடுவார்கள். 'ஃபெல் இன் கிச்சன். ரைட் ஹிப் பெய்ன். ரெஃபியூசஸ் ஸ்டிக்.' விழுந்தது யார், கைத்தடி வேண்டாம் என்றது யார் என்று எதுவும் இருக்காது. அதை வைத்துக்கொண்டு, அந்த நோயாளியை அடுத்துப் பார்த்துக்கொள்ளப் போகிற நர்சுக்கு, முழு வாக்கியங்களில் ஒரு கடிதம் எழுத வேண்டும். வாழ்நாள் முழுக்க வார்டில் துண்டு துண்டாகவே எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்று நினைத்துப் பாருங்கள்.

நீங்களும் என்றைக்காவது ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்திருப்பீர்கள். அப்படியென்றால் நீங்கள் நம்ம கட்சி. ஆனால் ஒன்று, எனக்கு இதில் புலம்பலைவிடக் கொண்டாட்டம்தான் அதிகம். ஒரு சின்னத் துண்டை உடைத்து உள்ளே இருக்கிற முழு ஆளை வெளியே எடுக்கும்போது எனக்கு வருகிற குஷியைப் பார்த்து, கீழே மருந்துக் கடைக்காரர், 'மேல என்ன, கிரிக்கெட்டா ஓடுது?' என்று கேட்டிருக்கிறார்.

மாடி ஏறி வந்த சீட்டு

எங்கள் போர்டில் 'மெடிக்கல்' என்ற எழுத்து பெரிசு, 'இங்கிலீஷ்' சிறிசு. ஆரம்பித்த புதிதில் ஒரு அண்ணாச்சி மூச்சு வாங்க மாடி ஏறி வந்து, என் மேசையில் ஒரு காகிதத்தை வைத்து, 'மாத்திரை குடுங்கம்மா' என்றார். இங்கே மாத்திரை இல்லை, கடை கீழே இருக்கிறது என்றேன். 'ரெண்டு மாடி மெடிக்கலாக்கும்னு நெனைச்சேன்' என்று சலித்துக்கொண்டவர், இறங்கிப் போக மனசில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். காகிதத்தைப் பார்த்தேன். அவர் மனைவிக்குப் பித்தப்பையில் கல். அதற்குக் கீழே 'ப்ளான்: கன்சர்வேட்டிவ் மேனேஜ்மென்ட்' என்று எழுதியிருந்தது.

அந்த வார்த்தைகளைப் பார்த்துத்தான் மனுஷன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். இவ்வளவு பெரிய பெயர் என்றால் இவ்வளவு பெரிய ஆபரேஷனாகத்தானே இருக்கும்! நான் நிதானமாக விரித்துச் சொன்னேன்: 'இப்போதைக்குக் கத்தி வைக்கப்போவதில்லை, மருந்து கொடுத்து, சாப்பாட்டை மாற்றி, எப்படி இருக்கிறது என்று கவனித்துப் பார்க்கப்போகிறார்கள்.' அவர் முகம் விரிந்த அழகைப் பார்த்து எனக்கே எழுந்து குதிக்கலாம் போல இருந்தது. வாசல் வரை போனவர் திரும்பி நின்று சொன்னார்: "சும்மா வச்சுப் பாக்கோம்ங்கதுக்கா இம்புட்டு நீள வார்த்தை? ஆளக் கொன்னுப்புட்டானுவளே!"

வாய்ப்புண்ணும் படுக்கைப்புண்ணும்

ஆங்கிலத்தில் நாலைந்து பெயர்ச்சொற்களை ஒட்டி ரயில் பெட்டி மாதிரி விட்டுவிடுவார்கள். 'ரைட் ஹிப் ரிப்ளேஸ்மென்ட் வூண்ட் இன்ஃபெக்‌ஷன்.' பிள்ளைகள் முதல் பெட்டியிலேயே ஏறி, 'வலது இடுப்பு...' என்று ஆரம்பித்து நடுவழியில் இறங்கிவிடுவார்கள். நான் ஒரு உதாரணம் சொன்னேன்: 'ஆலங்குளம் மெயின் ரோடு அரிசிக் கடை கல்லாப்பெட்டிச் சாவி.' தொலைந்தது எது? ஆலங்குளமா? சாவிதானே! அப்படியானால் கடைசிச் சொல்லைப் பிடி. வந்திருப்பது தொற்று. எதில்? காயத்தில். எந்தக் காயம்? வலது இடுப்பு மூட்டை மாற்றிய அறுவையின் காயம். முடிந்தது.

அப்போது பின் பெஞ்சிலிருந்து ஷாஹிதா எழுந்தாள். கடையநல்லூர்ப் பெண், தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். 'டீச்சர், இது நம்ம வேற்றுமைத்தொகைலா!' என்றாள். கரும்பலகைக்கு வந்து அவளே எழுதினாள். வாய்ப்புண் என்றால் வாயில் வந்த புண். படுக்கைப்புண் என்றால் படுக்கையில் வந்த புண் இல்லை, படுக்கையால் வந்த புண். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே சட்டை போட்டிருக்கிறது. உள்ளே மறைந்திருக்கிற உருபு வேறு. ஆங்கிலத்தில் 'மவுத் சோர்', 'பெட் சோர்'. அங்கேயும் அச்சு அசலாக அதே கதை!

வகுப்பே களைகட்டிவிட்டது. பெனிசிலின் அலர்ஜி? பெனிசிலினால் வரும் அலர்ஜி. செஸ்ட் பெய்ன்? நெஞ்சில் வலி. பெய்ன் கில்லர்? வலியைக் கொல்வது. ஆளாளுக்குக் கத்தினார்கள், நானும் கத்தினேன். இத்தனை நாள் வெள்ளைக்காரன் வீட்டுப் பூட்டு என்று நினைத்துக்கொண்டிருந்ததற்கு எங்கள் வீட்டுச் சாவியே பொருந்துகிறது. சத்தம் அடங்கினதும் ஷாஹிதா சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுச் சொன்னாள்: "இத எதுக்கு டீச்சர் படிக்கோம்னு பத்தாங்கிளாஸ்ல கேட்டு வெளிய நின்னேன். பதிலு இன்னைக்குத்தான் வந்திருக்கு."

ஆஸ்பத்திரியில் இருக்கும் பையன்

அந்த வகுப்பில் இருந்த ஒரே ஆண்பிள்ளை இசக்கிமுத்து. ஆலங்குளம் பக்கத்து ஊர். அப்பா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பெரியப்பா மகன்கள் எல்லோரும் போலீஸ். காக்கியும் பச்சையும் தவிர வேறு நிறத்தில் ஆண்பிள்ளைகளுக்கு உடுப்பே இல்லாத அந்த வீட்டில், இவன் நர்சிங் படித்துவிட்டு வெள்ளைச் சட்டையில் வந்து நின்றிருக்கிறான். அப்பா திட்டவில்லை. ஆனால் 'நர்ஸ்' என்ற சொல்லை மட்டும் வாயால் சொல்ல மாட்டார். மகன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால், 'ஆஸ்பத்திரியில இருக்கான்' என்று முடித்துவிடுவார். எனக்குத் தெரிந்து உலகத்திலேயே மோசமாகச் சுருக்கப்பட்ட மருத்துவக் குறிப்பு அதுதான்.

இசக்கிக்கு அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. தேர்வு ஒன்றுதான் பாக்கி. முதல் தடவை மற்ற தாள்களில் எல்லாம் தேறி, இந்தக் கடிதத் தாளில் மட்டும் கோட்டை விட்டான். இன்னும் ஒரு தடவைக்குத்தான் காத்திருப்போம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். இந்தத் தடவையும் போனால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அப்பாவோ அதற்குள் சென்னையில் செக்யூரிட்டி ஏஜென்சி நடத்தும் தன் பட்டாளத்து நண்பரிடம் பேசி வைத்துவிட்டார். தோற்றால் நர்ஸ் வேலையை விட்டுவிட்டு அங்கே போவதாக இவனும் தலையாட்டி வந்திருக்கிறான். நோயாளியே இல்லாத ஒரு கட்டடத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காருவதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவனுக்கு வார்டு வேண்டும். கட்டில் கட்டிலாகப் போய் 'இன்னைக்கு எப்படி இருக்கு?' என்று கேட்க வேண்டும்.

இந்தக் கவலையை எல்லாம் அவன் என்னிடம் சொன்ன அன்றைக்கு அவன் கையில் ஒரு பை ஆப்பிள் இருந்தது. எனக்குத்தான் வாங்கி வந்திருக்கிறான் என்று நினைத்து, 'எதற்குப்பா இதெல்லாம்' என்றேன். இல்லையாம். கீழப்பாவூரில் ஒரு கல்யாண வீட்டில் அப்பா வழக்கம்போல 'ஆஸ்பத்திரியில இருக்கான்' என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட ஒரு மாமா பதறிப்போய், மறுநாளே ஆப்பிளும் ஹார்லிக்சுமாக ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கியிருக்கிறார். இசக்கி சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் சொன்னான்: "மாமா என்னிய மேலயும் கீழயும் பாத்துட்டு, 'நல்லாத்தானலே நிக்க, பெறவு எந்த வார்டுல படுத்திருக்க?'ன்னு கேக்காவ டீச்சர்."

லிவ்ஸ் அலோன்

இவ்வளவு கெட்டிக்காரப் பையன் கடிதத்தில் ஏன் தோற்றான் என்பது எனக்குப் புரியாமலே இருந்தது. இலக்கணம் சுத்தம். எழுத்து முத்து. ஒரு நாள் பயிற்சிக்கு ஒரு குறிப்பு கொடுத்தேன். அடுக்களையில் விழுந்து இடுப்பில் அறுவை செய்துகொண்ட ஒரு வயதான அம்மா, வீடு திரும்பப் போகிறார். 'விடோ. லிவ்ஸ் அலோன். டாட்டர் அப்ராட். நோ விசிட்டர்ஸ்.' கணவர் இல்லை, மகள் வெளிநாட்டில், வந்து பார்க்கவும் ஆள் இல்லை. எல்லோரும் எழுதினார்கள். இசக்கியின் கடிதத்தில், அவர் தனியாக வசிக்கிறார் என்ற வாக்கியத்துக்குப் பின்னால் இப்படி இருந்தது: 'ஆனால் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் மிகவும் நல்லவர், தினமும் வந்து பார்த்துக்கொள்வார்.'

சிவப்புப் பேனாவை எடுத்து அந்தப் பக்கத்து வீட்டுக்காரரை ஒரே கோட்டில் வெட்டினேன். 'இவர் எங்கிருந்து வந்தார்?' என்று கேட்டேன். 'இல்லாமலா இருப்பாவ?' என்றான். அடுத்த வாரம் வந்த குறிப்பில் உறவினரே இல்லாத ஒரு வாத்தியார். அவருக்கு இசக்கி ஒரு தம்பி மகனை ஏற்பாடு செய்திருந்தான். வெட்டினேன். அதற்கடுத்த அம்மாவுக்கு மறுபடியும் அதே நல்ல பக்கத்து வீட்டுக்காரர். வெட்டினேன். பிறகுதான் விசாரித்தேன். முதல் தடவை பரீட்சையிலேயே, வெளிநாட்டில் இருந்த ஒரு மகளுக்கு லீவு போட்டுக் கொடுத்து அம்மாவிடம் கூட்டி வந்துவிட்டானாம்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நம்ம ஊர் வார்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒரு கட்டிலுக்கு ஒரு நோயாளி, கட்டிலுக்குக் கீழே பாயில் ஒருவர், பிளாஸ்கோடு ஒருவர், நேற்றுத்தான் செய்தி தெரிந்தது என்று பழத்தோடு ஒருவர். கூட ஆள் இல்லாமல் யாராவது வந்து சேர்ந்தால், பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி கேட்காமலே கஞ்சி வாங்கி வந்து கொடுத்துவிடுவார். அப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்க்கிறவனுக்கு 'லிவ்ஸ் அலோன்' என்பது ஒரு தகவலாகத் தெரியவில்லை, விட்டுப்போன பாதியாகத் தெரிகிறது. சுருக்கத்தை விரிக்கச் சொன்னால், அவன் அந்த அம்மாவின் வாழ்க்கையையே விரித்துக் கொடுக்கிறான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. 'நீ பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார் என்று எழுதினால், உன் கடிதத்தைப் படிக்கிற நர்ஸ் அதை நம்புவாள். ஆள் அனுப்ப மாட்டாள். அந்த அம்மா, இல்லாத ஒருத்தர் வந்து கதவைத் தட்டுவார் என்று பசியோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்' என்று கத்தினேன். இசக்கி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "தனியா இருக்காவன்னு எழுதிட்டு, எப்படி டீச்சர் முற்றுப்புள்ளி வைக்க?"

எண்ணெய் தேய்த்த பாறை

சீசன் வந்துவிட்டால் தென்காசியில் வகுப்பு நடத்துவது என்பது வீண் முயற்சி. ஜன்னலுக்கு வெளியே சாரல் அடிக்கும். உள்ளே பிள்ளைகளின் மனசு குற்றாலத்தில் இருக்கும். சரி, தேர்வுக்கு முன்னால் ஒரு நாள் என்று எல்லோரையும் ஐந்தருவிக்குக் கூட்டிப்போனேன். ஒரே நிபந்தனை: வழியில் பார்க்கிற எல்லா போர்டையும் விரித்துச் சொல்ல வேண்டும். 'குளிக்கத் தடை' என்று ஒரு பழைய போர்டு ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. ஷாஹிதா மூச்சு விடாமல், 'அருவியில் நீர் அதிகமாக வருவதால் பொதுமக்கள் குளிப்பதற்குக் காவல்துறையினர் தடை விதித்துள்ளனர்' என்றாள். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் திகைத்துப்போய், 'இன்னைக்குத் தடை இல்லம்மா, போய்க் குளிங்க' என்றார்.

ஆசை தீரக் குளித்துவிட்டு ஈரத்தோடு நின்றபோதுதான் அது நடந்தது. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போன ஒரு வெளியூர்க்காரர், பாறையில் கால் வைத்ததும் சறுக்கி, கையை ஊன்றி விழுந்தார். நாங்கள் என்ன என்று பார்ப்பதற்குள் இசக்கி துண்டோடு ஓடிவிட்டான். கூட்டத்தை விலக்கினான், அவரை அசையாமல் படுக்க வைத்தான், பெயர் கேட்டான், கையைத் துண்டில் தாங்கிக் கட்டினான். ஆம்புலன்ஸ் வந்ததும் அதில் வந்தவரிடம் படபடவென்று ஒப்பித்தான்: 'மேல், ஃபார்ட்டீஸ். ஸ்லிப் ஆன் வெட் ராக். நோ லாஸ் ஆஃப் கான்ஷியஸ்னஸ். ரைட் ரிஸ்ட் ஸ்வெல்லிங்.' ஒரு வினைச்சொல் இல்லை, ஒரு மூச்சு வீணில்லை. ஆம்புலன்ஸ்காரர் தலையாட்டிக்கொண்டே வேலையை ஆரம்பித்துவிட்டார்.

அதே நொடியில் விழுந்தவரின் மனைவி நனைந்த சேலையோடு ஓடி வந்து இசக்கியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவன் திரும்பி நின்று சொன்னான்: 'அக்கா, அண்ணன் ஈரப் பாறையில வழுக்கி விழுந்தாவ. நெனவு தப்பவே இல்ல, பேரு ஊரு எல்லாம் சரியாச் சொல்லுதாவ. வலது மணிக்கட்டு வீங்கியிருக்கு. எலும்பு ஒடைஞ்சிருக்கான்னு எக்ஸ்ரே பாத்தாத்தான் தெரியும்.' எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது! ஆங்கிலத்தில் துண்டு துண்டாகச் சொன்ன ஒவ்வொன்றையும் விடாமல் விரித்துவிட்டான். அந்த அம்மா, 'கையி பழையபடி ஆயிருமா தம்பி?' என்று கேட்டார். இப்போது பக்கத்து வீட்டுக்காரர் வருவார் என்று நான் பயந்தேன். இசக்கி அவர் முகத்தைப் பார்த்து, 'அது டாக்டர்தான் சொல்லணும்க்கா, எனக்குத் தெரியல' என்றான்.

திரும்பும்போது பஸ்ஸில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தாளில் கூசாமல் ஆள் சேர்க்கிறவன், அங்கே ஏன் 'எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லவில்லை என்று கேட்டேன். இசக்கி தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான்: "அந்தக்கா எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்காவ டீச்சர். தெரியாதத எப்படிச் சொல்ல?"

எதிரே ஒரு நாற்காலி

அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. மறுநாள் வகுப்பில் இசக்கியின் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு ஷாஹிதாவை உட்கார வைத்தேன். 'இவள்தான் அயர்லாந்து நர்ஸ். உன் கடிதம் இவளுக்குத்தான் போகிறது. ஒவ்வொரு வாக்கியத்தையும் இவள் முகத்தைப் பார்த்து வாசி' என்றேன். ஷாஹிதா நாற்காலியில் சாய்ந்து, கால் மேல் கால் போட்டு, அப்போதே அயர்லாந்துக்குப் போய்விட்டாள்.

குறிப்பில் மறுபடியும் தனியாக இருக்கிற ஒரு அம்மா. இசக்கி வாசித்தான், பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். ஷாஹிதா பேனாவை எடுத்துக்கொண்டாள். 'பேரென்ன?' என்றாள். 'போன் நம்பர் என்ன? சாயங்காலம் அவருகிட்ட நான் பேசணும். சாவி அவருகிட்டதான் இருக்கா? அந்தம்மா ராத்திரி விழுந்தா தூக்கி விடுவாரா?' இசக்கிக்கு வியர்த்துவிட்டது. வகுப்பு மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவன் அந்த வரியைத் தானே அடித்தான். அடித்துவிட்டு, முற்றுப்புள்ளியை வைத்தான். ஆனால் அவன் முகம் யாரையோ தெருவில் விட்டுவிட்டு வந்தவன் முகம் மாதிரியே இருந்தது.

எனக்குமே பாவமாக இருந்தது. ஏதாவது ஆறுதலாகச் சொல்லலாம் என்று நான் யோசிப்பதற்குள் ஷாஹிதா முந்திக்கொண்டாள். நான் வாரக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தியும் சொல்ல வராததை அவள் ஒரே வீச்சில் சொல்லிவிட்டாள்: "ஏ இசக்கி, ஆளு இல்லன்னு ஒழுங்கா எழுது. அப்பத்தானே நான் ஆள அனுப்புவேன்?"

நர்ஸ் இசக்கிமுத்து

இசக்கி நிமிர்ந்து உட்கார்ந்தான். அன்றைக்குப் பிறகு அவன் எழுதிய கடிதங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். 'அவர் தனியாக வசிக்கிறார். உதவிக்கு யாரும் இல்லை.' முற்றுப்புள்ளி. அதற்கு அடுத்து அவனுக்கு உரிமையான வாக்கியம்: 'ஆகவே தினமும் ஒருவர் நேரில் சென்று பார்க்க ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.' இல்லாத ஆளை இருக்கிறார் என்று எழுதுவதற்குப் பதிலாக, ஆள் வேண்டும் என்று கேட்கக் கற்றுக்கொண்டான். தேர்வு முடிந்து வெளியே வந்த உடனே எனக்குப் போன் செய்தான். நாயோடு தனியாக இருக்கிற ஒரு தாத்தா கேள்வித்தாளில் வந்திருந்தாராம். 'யாரையும் சேக்கல டீச்சர். நாய் நோட்ஸ்லயே இருந்துச்சு, அதனால அத மட்டும் விடல' என்றான்.

முடிவு வந்த அன்றைக்கு வகுப்பில்தான் இருந்தோம். செல்போனைப் பார்க்கப் பயந்து ஷாஹிதாவிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றான் இசக்கி. அவள் பார்த்தாள். அப்புறம் கேட்ட சத்தத்தில் கீழே இருந்த மருந்துக் கடைக்காரர், யாரோ விழுந்துவிட்டார்கள் என்று பஞ்சும் டிஞ்சருமாக மேலே ஓடி வந்தார். நாங்கள் எல்லோரும் பெஞ்சில் ஏறி நின்றோம். அழுதது யார், சிரித்தது யார் என்று எனக்கு நினைவில்லை. நான் இரண்டையும் செய்தேன்.

சாயங்காலம் இசக்கியின் அப்பா வந்தார். விறைப்பாக, மீசை முறுக்கோடு, கையில் ஒரு பெரிய மிக்சர் பொட்டலத்தோடு. மாடிக்கு எப்படிப் போவது என்று தெரியாமல் கீழே மருந்துக் கடையில் விசாரித்திருக்கிறார். கடைக்காரர், 'நீங்க யாருன்னு சொல்லலியே?' என்று கேட்டிருக்கிறார். மாடிப்படியின் மேலே நின்றிருந்த எனக்கும் இசக்கிக்கும் அவர் சொன்ன பதில் தெளிவாகக் கேட்டது: "நர்ஸ் இசக்கிமுத்து இருக்காம்லா? அவனோட அப்பா."

ஷிப்டு மாறும் நேரம்

இசக்கி போய்ச் சேர்ந்து பல மாதம் ஆகிவிட்டது. அவ்வப்போது வீடியோவில் வருவான். 'இங்க வருசம் பூரா சாரல்தான் டீச்சர், அருவிதான் இல்ல' என்பான். அவன் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு வயதான அம்மா. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. போன புதிதில் இவனே போய்க் கதவைத் தட்டிக் கும்பிட்டு, பக்கத்து வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்று சொல்லி, தன் போன் நம்பரையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். அங்கே அப்படி யாரும் போக மாட்டார்களாம். அதிலிருந்து, தினமும் ஒரு நடை எட்டிப் பார்ப்பது, அவர் வீட்டுக் குப்பைத்தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போவது, கடைக்குப் போனால் ரொட்டி வாங்கி வருவது என்று பழக்கமாகிவிட்டது. இசக்கிமுத்து என்று சொல்ல வராததால் அந்த அம்மா 'ஐசக்' என்று கூப்பிடுகிறார். ஒரு தடவை சாம்பார் கொண்டுபோய்க் கொடுத்தானாம். ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு ஒரு ஜக்குத் தண்ணீர் குடித்தாராம்.

போன வாரம் பேசியபோது அவன் முகத்தில் ஒரு பரபரப்பு. இரண்டு நாள் விடுமுறையில் வேறு ஊரில் இருக்கும் நண்பனைப் பார்த்துவிட்டு நேராக டூட்டிக்குப் போயிருக்கிறான். ஷிப்டு மாறும் நேரம். முந்தின ஷிப்டு நர்ஸ் மேசையில் இருந்தபடியே ஒவ்வொரு கட்டிலின் குறிப்பையும் வாசித்து ஒப்படைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். ஒரு கட்டிலின் முறை வந்தது. 'ஃபீமேல், எய்ட்டீஸ். ட்ரிப்ட் ஆன் டோர்ஸ்டெப். மைனர் ப்ரூசிங். லிவ்ஸ் அலோன். நெய்பர் லுக்ஸ் இன் டெய்லி.' வாசற்படியில் தடுக்கி விழுந்தவர், தனியாக இருப்பவர், பக்கத்து வீட்டுக்காரர் தினமும் வந்து பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர் என்றதும் இவனுக்கு ஷாஹிதாவின் நாற்காலி நினைவுக்கு வந்துவிட்டது. அப்படி ஒருவர் உண்மையிலேயே இருக்கிறாரா, பெயர் என்ன, நம்பர் என்ன என்று குடைந்திருக்கிறான். அந்த நர்ஸ், 'இருக்கிறாராம். ஐசக் என்று யாரோ' என்று சொல்லிவிட்டு நம்பரைப் படித்திருக்கிறாள். பாதி நம்பர் வரும்போதே அது தன் நம்பர் என்று இசக்கிக்குத் தெரிந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தால், கட்டிலில் அந்த அம்மா இவனைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாராம். பெரிய அடி ஒன்றும் இல்லை, மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடிதம் எழுத வேண்டிய முறை இசக்கிக்கே வந்திருக்கிறது. இதைச் சொல்லும்போது அவனுக்குக் குரல் ஏறி ஏறி வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. செல்போன் திரைக்குள் பல் எல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு அவன் சொன்னான்: "நீங்க வெட்டுன பக்கத்து வீட்டுக்காரன் நாந்தான் டீச்சர். இந்த வாட்டி நோட்ஸ்லயே இருக்கேன், வெட்ட முடியாது!"

சுருங்கிக் கிடப்பதை எல்லாம் விரிக்கச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிற நான், 'நெய்பர்' என்ற அந்த ஒரே சொல்லை விரித்தால் ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரு முழு ஆள் இறங்கி வருவான் என்பதை மட்டும் எந்தப் பாடத்திலும் நடத்தியிருக்கவில்லை.